கிட்டாரோடு வந்த ஸ்ட்ரைக்கர்!

2013 ஜனவரி 7, ஸூரிக். உலகக் கால்பந்தின் பெரிய தலைகள் எல்லாம் கோட்டு சூட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஃபிஃபா விருது விழா. மெஸ்ஸி புள்ளி போட்ட கோட்டில் வந்து நான்காவது பாலோன் டோர் பந்தைத் தூக்கிக்கொண்டு போன அதே ராத்திரி. பெண்கள் கால்பந்தில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று ஒரு ஸ்வீடன்காரரின் பெயரைச் சொல்கிறார்கள். வெள்ளி நிறக் குட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. மேடையேறினார், விருதை வாங்கினார், மைக் முன்னால் நின்றார். நன்றியுரையின் நடுவே பாடவே தொடங்கிவிட்டார்! பாப் டிலன் பாட்டு. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, வெறும் குரல்தான். நேரலையில் உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்கோ ஒரு சின்னத் தயக்கம்கூட இல்லை!

அவர்தான் பியா சுந்தாகே. ஸ்வீடனுக்காக 146 ஆட்டங்களில் 71 கோல் போட்ட ஸ்ட்ரைக்கர். பிறகு அமெரிக்காவுக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஸ்வீடனுக்கு ஒரு ஒலிம்பிக் வெள்ளி, பிரேசிலுக்கு ஒரு கோபா அமெரிக்கா கோப்பை என்று வாங்கிக் கொடுத்த கோச். அவர் பெயரைச் சொன்னாலே எனக்கு உற்சாகம் தொற்றிக்கொள்ளும். கோப்பைக் கணக்கு எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் கிடைக்கும். இன்றைக்கு நாம் எட்டிப் பார்க்கப்போவது டிரெஸ்ஸிங் ரூம் கதவுக்குப் பின்னால். வாருங்கள்!

முதல் கதவு அமெரிக்க அணியுடையது. அதைத் திறக்கும் முன் உள்ளே எவ்வளவு புழுக்கம் இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2007 உலகக் கோப்பை, சீனா. அரையிறுதி வரை அமெரிக்காவின் கோல்கீப்பர் ஹோப் சோலோ. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாதவர். ஆனால் பிரேசிலுக்கு எதிரான அரையிறுதியில் கோச் கிரெக் ரையன் அவரை உட்காரவைத்துவிட்டு, மூத்தவரான பிரியானா ஸ்கரியை இறக்கினார். விளைவு 4-0 தோல்வி. ஆட்டம் முடிந்ததும் சோலோ கேமரா முன்னால் கொட்டித் தீர்த்துவிட்டார்: இது தப்பான முடிவு, நான் இருந்திருந்தால் அந்தப் பந்துகளைப் பிடித்திருப்பேன் என்று. அணியில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். மூத்த வீராங்கனையை இப்படியா பொதுவில் மட்டம் தட்டுவது? மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சோலோவுக்கு இடமில்லை. அணியோடு ஒன்றாகத் திரும்பும் வாய்ப்பும் போயிற்று. ரையனின் வேலையும் போனது.

அதே நேரம், அதே சீனாவில், சீன அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் யார் தெரியுமா? நம்ம பியா! அமெரிக்க அணி இரண்டாகப் பிளந்தது அவர் இருந்த நாட்டிலேயே நடந்தது. சில வாரங்களில் அந்த அணியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த அணியின் முதல் கூட்டத்தில் புதுப் பயிற்சியாளர் என்ன செய்வார் என்று எதிர்பார்ப்போம்? ஒழுங்கு பற்றி ஒரு பேச்சு, போர்டில் நாலு அம்புக்குறி, தலைக்கு இத்தனை சுற்று ஓட்டம். பியா கிட்டாரை எடுத்தார். காலம் மாறுகிறது என்று சொல்லும் டிலனின் புகழ்பெற்ற பாட்டை அந்த வீராங்கனைகளுக்குப் பாடிக் காட்டினார். தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், முன்பின் பழகாத ஒரு கூட்டத்தின் முன்னால், தேர்ந்த பாடகியும் அல்லாத ஒருவர்! அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டத்திலேயே அதிகம் வெட்கப்பட வேண்டிய வேலையைப் பயிற்சியாளரே முதலில் செய்துவிட்டால், அப்புறம் மற்றவர்களுக்கு என்ன கூச்சம்?

பாட்டு முடிந்தபின் சோலோ விவகாரம். இது அந்த அணியில் இருந்தவர்களே பிற்காலத்தில் பல இடங்களில் சொன்ன கதை. பியா சுற்றி வளைக்கவில்லை. ஜெயிக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார்கள். அப்படியானால் கோல்கீப்பர் வேண்டும்; நடந்ததை மறக்கச் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றார். அவ்வளவுதான். சோலோ திரும்பி வந்தார்.

பியாவின் இந்தச் சுருக்கப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு இன்னொரு கதவைத் திறக்க வேண்டும். அது ஸ்வீடனின் உல்ரிசேஹாம் நகரத்துப் பக்கம், மார்பேக் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. 1960-இல் பிறந்த பியாவுக்குச் சின்ன வயதில் பெண்கள் அணி என்று ஒன்று ஊரில் கிடையாது. பையன்களோடு ஆடலாம் என்றால் விதி இடம் கொடுக்காது. அங்கே இருந்த பயிற்சியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார்: பட்டியலில் ‘பெல்லே’ என்று பையன் பெயர் போட்டு ஆட விட்டுவிட்டார்! பியாவே பின்னாளில் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது. பெயரை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்த அந்தச் சிறுமி, 15 வயதில் ஸ்வீடனின் தேசிய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள், சொந்தப் பெயரில்.

1984-க்குப் போவோம். பெண்களுக்கான முதல் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதி. எதிரி இங்கிலாந்து. அப்போது இறுதியே இரண்டு கட்டம். உங்களை ஆச்சரியப்படுத்த ஒன்று சொல்கிறேன்: பெண்கள் முழு 90 நிமிடம் தாங்க மாட்டார்கள் என்று நினைத்து, ஒரு பாதிக்கு 35 நிமிடம் என்று வைத்திருந்தார்கள்! பந்துகூடச் சிறியது, நான்காம் நம்பர். அந்தச் சிறிய பந்தைத்தான் கோதன்பர்க்கின் உல்லேவி மைதானத்தில் பியா தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். 1-0. இரண்டாவது ஆட்டம் இங்கிலாந்தின் லூட்டன் நகரில். மழை கொட்டித் தீர்த்து மைதானமே சேற்று வயலாகக் கிடந்தது. இங்கிலாந்து ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. பெனால்டி ஷூட்-அவுட். ஸ்வீடனுக்கு வெற்றி தரவேண்டிய கடைசி அடி யாருக்கு? பியாவுக்கு. சேற்றுக்கு நடுவே பந்தை வைத்தார், ஓடி வந்தார், அடித்தார், உள்ளே! ஐரோப்பாவின் முதல் மகளிர் சாம்பியன் ஸ்வீடன். நான்கு வருடம் கழித்து ஸ்வீடன் தபால் துறை அவர் உருவத்தை அஞ்சல்தலையிலேயே போட்டுவிட்டது. 28 வயதில், ஆடிக்கொண்டிருக்கும்போதே, கடிதத்தில் ஒட்டப்படுகிற கால்பந்துக்காரி!

1991-இல் முதல் மகளிர் உலகக் கோப்பை சீனாவில் நடந்தது. காலிறுதியில் குவாங்ஜோ மைதானம் நிரம்பி வழிகிறது, எதிரே சீனா. மூன்றாவது நிமிடத்திலேயே பியா ஒரு கோல். ஆட்டம் அதே 1-0-இல் முடிந்தது. அத்தனை கூட்டத்தையும் அமைதியாக்க ஒரே ஒரு அடி போதும் என்று தெரிந்த கால் அது. ஸ்வீடன் மூன்றாம் இடம் பெற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கோடு அவர் விளையாட்டை முடித்துக்கொண்டார். ஸ்ட்ரைக்கர்தான் என்றாலும் நடுக்களத்திலும், கடைசித் தடுப்பு வரிசையிலும்கூட ஆடிப் பார்த்தவர். 1990-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் ஹம்மார்பி கிளப்பில் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தார். காலில் ஷூ, கழுத்தில் விசில், இரண்டும் ஒன்றாக!

ஸ்ட்ரைக்கரின் பிழைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். பத்துத் தடவை அடித்தால் ஒன்பது வீண். ஒன்பதாவது வீணானதும் தலையைத் தொங்கப்போட்டால் பத்தாவது பந்து காலுக்கு வரும்போது மனசு பின்னாலேயே நிற்கும். அதனால் நல்ல ஸ்ட்ரைக்கர் போனதைப் போகவிட்டு அடுத்த பந்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். பியா பயிற்சியாளரானபோது கூடவே எடுத்து வந்தது இந்தப் பழக்கத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சோலோ விஷயத்தில் அவர் சொன்னது என்ன? போன பந்து போகட்டும், அடுத்த பந்தைக் கொடு! அவருடைய அணிகள் 122-வது நிமிடத்திலும் 123-வது நிமிடத்திலும் கோல் போடுவது எப்படி என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்.

அந்த நிமிடங்களுக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெய்ஜிங்.

2008 ஜூலை, ஒலிம்பிக்குக்குக் கிளம்பும் முன் கடைசிப் பயிற்சி ஆட்டம், சான் டியாகோவில் பிரேசிலோடு. அமெரிக்காவின் கோல் இயந்திரம் ஆபி வாம்பாக் ஒரு மோதலில் கீழே விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. பெட்டி கட்டும் நேரத்தில் முக்கியமான ஆளே இல்லை! போதாக்குறைக்கு, ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் நான்கு நிமிடத்துக்குள் நார்வே இரண்டு கோல் போட்டது. 2-0 தோல்வி. வேறு ஒரு கோச்சாக இருந்தால் மறுநாள் டிரெஸ்ஸிங் ரூமில் பாத்திரம் பறந்திருக்கும். பியா எப்போதும் போல எது நன்றாக இருந்தது என்றே தேடினார். தவற்றைப் பிடிப்பதைவிட ஒருத்தி சரியாகச் செய்யும்போது அவளைப் பிடித்துப் பாராட்டுவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அடுத்து ஜப்பான், நியூசிலாந்து, கனடா, மறுபடி ஜப்பான் என்று ஒவ்வொரு அணியாகத் தாண்டி இறுதிக்கு வந்துவிட்டார்கள். இறுதியில் யார்? முந்தைய வருடம் 4-0 என்று அடித்த அதே பிரேசில்! பிரேசிலின் மார்த்தா மிக அருகிலிருந்து அடித்த பந்தைக் கையைத் தூக்கித் தட்டிவிட்டார் ஒருவர். வேறு யார், சோலோதான். எக்ஸ்ட்ரா டைமில், 96-வது நிமிடம், கார்லி லாய்டு கோலடித்தார். தங்கம்!

கார்லி லாய்டு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை அவருடையது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால், தங்கக் கோலடித்த அந்த லாய்டையே பியா ஆரம்ப அணியிலிருந்து எடுத்துவிட்டார். நினைத்துப் பாருங்கள், அந்த டிரெஸ்ஸிங் ரூமில் லாய்டின் முகம் எப்படி இருந்திருக்கும்! கோபத்தை வாயால் காட்டாமல் பயிற்சியில் காட்டினார். முதல் ஆட்டம், கிளாஸ்கோ, எதிரே பிரான்ஸ். கால் மணி நேரம் தாண்டியதும் ஷானன் பாக்ஸுக்குக் காயம். பியா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். லாய்டு உள்ளே போனார். 0-2 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கா 4-2 என்று ஜெயித்தது. அதில் ஒன்று லாய்டு அடித்தது. அதற்குப் பிறகு அவரை யார் வெளியே எடுப்பார்கள்? வெம்பிளியில் ஜப்பானோடு இறுதி, 80,203 பேர் பார்க்கிறார்கள். அமெரிக்கா 2-1 வெற்றி. இரண்டும் லாய்டு! பெய்ஜிங், லண்டன் இரண்டு இறுதிகளிலும் சேர்த்து அமெரிக்கா போட்டது மூன்றே கோல். மூன்றையும் போட்டது ஒரே ஆள். அந்த ஆளைத்தான் பியா பெஞ்சில் வைத்திருந்தார்.

லாய்டு இதை எளிதில் விட்டுவிடவில்லை, பியாவும் மழுப்பவில்லை. 2015-இல், ஸ்வீடனின் பயிற்சியாளராக உலகக் கோப்பையில் அமெரிக்காவைச் சந்திக்கப் போகும் முன், லாய்டைப் பற்றி ஒரு பேட்டியில் வெளிப்படையாகப் பேசினார். நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்று லாய்டுக்குத் தெரிந்தால் உலகின் சிறந்த வீராங்கனைகளில் ஒருவர். அந்த நம்பிக்கையில் சந்தேகம் வந்துவிட்டால் மோசமாக ஆடுபவர்களில் ஒருவர் என்ற பொருளில். போட்டி தொடங்கும் முன் இப்படிப் பேசியது அமெரிக்க முகாமில் நெருப்பு மூட்டியது. எனக்கு அதில் தெரிவது ஒரு கோச்சின் உன்னிப்பு. ஒருத்தியின் ஆட்டம் எந்த நூலில் தொங்குகிறது என்று வருடங்கள் கழித்தும் அவர் மறக்கவில்லை.

இப்போது அந்த நிமிடங்கள்!

2011 ஜூலை 10, ஜெர்மனியின் டிரெஸ்டன். உலகக் கோப்பைக் காலிறுதி. இந்தக் காலிறுதிக்கு அமெரிக்கா வந்த வழியே ஒரு சுவாரஸ்யம். குழுவில் முதலிடம் பிடித்திருந்தால் பிரேசிலை அப்போது சந்தித்திருக்க வேண்டியதில்லை. வோல்ஃப்ஸ்பர்க்கில் நடந்த கடைசிக் குழு ஆட்டத்தில் 2-1 என்று தோற்று இரண்டாமிடத்துக்கு இறங்கினார்கள். தோற்கடித்தது யார்? பியாவின் சொந்த நாடு ஸ்வீடன்! அந்த ஸ்வீடனின் கோச் தாமஸ் டெனர்பி. இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் நாட்டுக் கதைக்கு வேண்டும்.

டிரெஸ்டனில் அமெரிக்கா முதலில் முன்னிலை பெற்றது. பிறகு ஒரு சிவப்பு அட்டை, பத்து பேர். பிரேசிலுக்குப் பெனால்டி, சோலோ தடுத்துவிட்டார், நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார், இந்தத் தடவை மார்த்தா வந்து உள்ளே போட்டார். எக்ஸ்ட்ரா டைமில் மார்த்தா இன்னொன்று. 2-1. பத்துப் பேரோடு, கால்கள் தளர்ந்து, நேரம் முடிந்துவிட்டது. 122-வது நிமிடம். இடது ஓரத்திலிருந்து மேகன் ரபினோ ஒரு நீண்ட கிராஸ் தூக்கினார். பந்து கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் பறந்து, அந்தப் பக்கம் காத்திருந்த வாம்பாக்கின் தலைக்கு வந்தது. முட்டினார். 2-2! பெனால்டி ஷூட்-அவுட்டில் அமெரிக்கா வென்றது. இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் ரபினோவின் காலிலிருந்து பந்து கிளம்பும்போது நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். அந்தக் கோப்பை கடைசியில் ஜப்பானுக்குப் போனது, பெனால்டியில். அந்த வலியும் பியாவின் கணக்கில் உண்டு.

அடுத்த வருடம், 2012 ஆகஸ்ட் 6, ஓல்டு ட்ராஃபோர்டு. ஒலிம்பிக் அரையிறுதி, கனடா. கிறிஸ்டின் சின்க்ளேர் மூன்று தடவை கனடாவை முன்னிலைக்குக் கொண்டுபோனார், அமெரிக்கா மூன்று தடவையும் துரத்திப் பிடித்தது. ரபினோ கார்னரிலிருந்து அடித்த பந்து யார் மேலும் படாமல் நேராகக் கோலுக்குள் போனது. மூன்றாவது கோலின் பின்னணிதான் நம்ப முடியாதது. கோல்கீப்பர் ஆறு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று அப்போது விதி. யாரும் கண்டுகொள்ளாத விதி. கனடாவின் எரின் மெக்லியோட் பந்தைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் வாம்பாக் நடுவரின் காதில் விழும்படி விநாடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தாராம்! அவரே ஒப்புக்கொண்டது. நடுவர் விசில் ஊதினார், ஃப்ரீ கிக் கொடுத்தார், அது ஒரு கனடா வீராங்கனையின் கையில் பட, பெனால்டி. வாம்பாக் அடித்தார், 3-3. கனடாக்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிக் கொதிப்பார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். 123-வது நிமிடம், ஹீதர் ஓரைலியின் கிராஸ், அலெக்ஸ் மார்கன் எம்பித் தலையால் தொட்டார். 4-3. மூன்றே நாளில் வெம்பிளி, தங்கம். 107 ஆட்டங்களில் 91 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி என்ற கணக்கோடு பியா அமெரிக்காவை விட்டுக் கிளம்பினார்.

ஊருக்குத் திரும்பி ஸ்வீடன் அணியை ஏற்றார். யாரிடமிருந்து? டெனர்பியிடமிருந்து! சொந்த மண்ணில் நடந்த 2013 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் அரையிறுதி வரைதான். 2015 உலகக் கோப்பையில் அதுவும் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழு ஆட்டத்தில் பிரேசிலிடம் 5-1 என்று உதை வாங்கி, மூன்றாமிடத்தில் தட்டுத்தடுமாறித்தான் காலிறுதிக்கு வந்தார்கள். அங்கே காத்திருந்தது அமெரிக்கா. கோலில் சோலோ.

பியா இந்தத் தடவை அணியைக் கீழே இறக்கி, எல்லோரையும் பின்னால் கட்டி நிறுத்தினார். தாக்குதலை விரும்பிய ஸ்ட்ரைக்கர், தாக்குபவர்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர் அல்லவா! இளம் ஸ்டினா பிளாக்ஸ்டீனியஸ் திடீரென்று ஓடி ஒரு கோல் போட்டார். மார்கன் சமன் செய்தார். பெனால்டி ஷூட்-அவுட்டில், ஸ்வீடனின் கடைசி அடிக்கு முன்னால் சோலோ நேரம் எடுத்துக் கையுறையை மாற்றினார். லிசா டால்க்விஸ்ட் அசையாமல் காத்திருந்து அடித்துவிட்டார். ஒலிம்பிக்கில் இறுதிக்கே போகாமல் அமெரிக்க மகளிர் அணி வெளியேறியது அதுதான் முதல் தடவை. ஆத்திரத்தில் சோலோ ஸ்வீடன் அணியைக் கோழைகள் என்று சொல்லிவிட்டார். செய்தியாளர்கள் ஓடிப்போய் பியாவிடம் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்: ஜெயித்தால் கோழையாக இருப்பதில் ஒன்றும் தப்பில்லை!

யாரை மன்னிக்கச் சொல்லி அணிக்குள் கூட்டி வந்தாரோ, அவர் வாயிலிருந்தே வந்த சொல். அதற்கும் கோபப்படவில்லை. அரையிறுதியில் மரக்கானா மைதானத்தில் அதே பிரேசிலைப் பெனால்டியில் வீழ்த்தினார்கள். இறுதியில் ஜெர்மனியிடம் 2-1 தோல்வி. ஸ்வீடன் மகளிர் கால்பந்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம்.

2019-இல் பிரேசில் அழைத்தது. பிரேசில் மகளிர் அணிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் தலைமைப் பயிற்சியாளர் அவர். கால்பந்து எங்கள் வீட்டுச் சொத்து என்று நினைக்கிற நாட்டில் ஒரு ஸ்வீடன்காரி! போர்த்துகீசிய மொழி படித்தார். அங்கேயும் பாட்டுதான்: அல்செயு வலென்சாவின் ‘அனுன்சியசாவ்’ பாடலைப் பத்திரிகையாளர்கள் முன்னால் போர்த்துகீசியத்திலேயே பாடிக் காட்டினார்.

நம் நாட்டுக் கதைக்கு இப்போது வருகிறேன். 2021 நவம்பர் 25, அமேசான் காட்டுக்கு நடுவே மனாஸ் நகரம். பிரேசிலோடு மோதுவது இந்தியா! ஏழு உலகக் கோப்பை, ஏழு ஒலிம்பிக் ஆடிய ஃபோர்மிகா 43 வயதில் பிரேசில் சட்டையைக் கழற்றிவைக்கும் கடைசி ஆட்டம். பிரேசில் பெஞ்சில் பியா. இந்தியப் பெஞ்சில் யார் தெரியுமா? தாமஸ் டெனர்பி! வோல்ஃப்ஸ்பர்க்கில் எதிரெதிரே நின்ற இரண்டு ஸ்வீடன்காரர்களும் பத்து வருடம் கழித்து அமேசான் கரையில், ஒருவர் பிரேசிலுக்கு, ஒருவர் இந்தியாவுக்கு. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல். சரி, கதை முடிந்தது என்று நினைத்தால், எட்டாவது நிமிடத்தில் ஹோஷியார்பூர்ப் பெண் மனிஷா கல்யாண் ஓடிப்போய் ஒன்று போட்டார்! 1-1! பிரேசிலுக்கு எதிராக இந்தியப் பெண் ஒருத்தி அடித்த கோல். ஆட்டம் 6-1 என்று முடிந்தது என்பது உண்மைதான். அந்த எட்டாவது நிமிடத்தை யாராலும் அழிக்க முடியாது என்பதும் உண்மை. பியாவின் அணி வலைக்குள் நம் பெண் பந்தைப் போட்டிருக்கிறாள் என்பதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2022 கோபா அமெரிக்காவை மார்த்தா இல்லாமலேயே, ஒரு கோல்கூட விடாமல் பிரேசில் வென்றது. அடுத்த வருட உலகக் கோப்பையில் ஜமைக்காவைத் தாண்ட முடியாமல் குழுவிலேயே வெளியேற்றம். மார்த்தா அதைத் தன் கடைசி உலகக் கோப்பை என்று சொல்லியிருந்தார். பியாவின் வேலையும் முடிந்தது. அந்த அணியிடம் கோலடிக்கும் வெறி குறைந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஒரு ஸ்ட்ரைக்கரின் அணிக்கு அது பெரிய குறை.

ஓய்வெடுப்பார் என்று பார்த்தால், 2024 தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்! 2025 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் அந்த நாட்டிலேயே. பியாவுக்கு 65 வயது. அவர் நம்பி இறக்கிய சிட்னி ஷெர்டன்லைபுக்கும் இமான் பெனேவுக்கும் 18. முதல் ஆட்டம் நார்வேயிடம் தோல்வி. அடுத்தது ஐஸ்லாந்தை 2-0 என்று வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் ஜெனீவாவில் பின்லாந்தோடு. ஒரு டிரா போதும். 79-வது நிமிடத்தில் பின்லாந்துக்குப் பெனால்டி, கோல். அரங்கமே வெளிறிப்போனது. 92-வது நிமிடம், மாற்று ஆட்டக்காரராக வந்த ரியோலா ஜெமைலி காலை நீட்டினார். 1-1! மறுபடியும் கடைசி நிமிடம், மறுபடியும் பியாவின் அணி! ஸ்விட்சர்லாந்து மகளிர் முதல் முறையாக ஐரோப்பியக் காலிறுதிக்குப் போனார்கள்.

பெர்ன் நகரில் உலக சாம்பியன் ஸ்பெயினிடம் 2-0 என்று தோற்றார்கள். ஸ்பெயினுக்கு அன்றைக்கு இரண்டு பெனால்டி கிடைத்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒன்று வெளியே போனது, இன்னொன்றை ஸ்விஸ் கோல்கீப்பர் லிவியா பெங் பாய்ந்து தடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த ஸ்பெயின்காரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, தோற்ற ஸ்விஸ் பெண்கள் நடுவே நடந்துபோனார்கள். உலக சாம்பியன்களே வழிவிட்டு நின்று தட்டிய கை அது!

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்கிறீர்களா? நேரம் குறைவென்றால் டிரெஸ்டன் ஆட்டத்தின் எக்ஸ்ட்ரா டைம். ஒரு மாலை முழுதும் கையில் இருந்தால் ஓல்டு ட்ராஃபோர்டு, சின்க்ளேரின் முதல் கோலிலிருந்து. வாம்பாக் நடுவர் பக்கம் நகர்ந்து நிற்கும்போது அவர் வாயைக் கவனியுங்கள், எண்ணிக்கொண்டிருப்பார்!